மச்சாளின் பைகளும் தம்பியின் எண்ணெயும்

எங்கள் வீட்டில் பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கத்தை ஒரு நாளைக்கு நாலு தரம் வாசிப்போம். செத்தவர்களில் அவ்வளவு பாசம் என்று நினைக்க வேண்டாம். பத்திரிகையில் அந்தப் பக்கத்தில்தான் எழுத்து மிகச் சிறிது. தம்பியின் மனைவிக்கு, அதாவது என் மச்சாளுக்கு, சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யாமல் போய், வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் பொருத்தியிருந்தார்கள். அந்தக் குழாய் வழியாக மருந்துநீரை உள்ளே விட்டு, சில மணித்தியாலம் வைத்திருந்து, பிறகு ஒரு வெறும் பைக்குள் வடிக்க வேண்டும். வடித்த பையைப் பத்திரிகையின்மேல் வைத்துப் பார்ப்போம். பைக்கூடாக எழுத்துத் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் வயிற்றுக்குள் கிருமி போய்விட்டது.

கண்டி ஆஸ்பத்திரியில் எங்களுக்கு இதைப் பழக்கியவள் மலையகத்துப் பிள்ளை ஒருத்தி, தாதி. எல்லாம் காட்டித் தந்துவிட்டுக் கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "பை கலங்கிச்சின்னா அன்னைக்கே வந்துருங்கம்மா. நாளைக்குப் பாத்துக்கலாம்னு மட்டும் இருந்துடாதீங்க." அந்த வார்த்தை என் தலைக்குள் ஆணி அடித்தமாதிரி இருந்துவிட்டது.

மச்சாள் பயப்படுகிற ஆள் இல்லை. பையைத் தூக்கி அறிவித்தலின்மேல் வைத்து, கிருமிக்குக் கட்டிய வாய்மூடியைக் கழற்றாமலே உரத்து வாசிப்பாள். "பிறப்பிடமாகவும் ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட… ஓம், தெரியுது மச்சாள். இந்த ஐயாவுக்கு ஆறு மருமக்கள். அழ ஆளிருக்கு." எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். "நீர் சும்மா வாயைப் பொத்திக்கொண்டு இரும்" என்பேன். அவளுக்கும் தம்பிக்கும் பிள்ளைகள் இல்லை. நானும் கலியாணம் கட்டவில்லை. அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் யாழ்ப்பாணத்து வீட்டைப் பூட்டிவிட்டுத் தம்பியோடு வந்து ஒட்டிக்கொண்டவள் நான். தம்பி கண்டிக்குப் பக்கத்துக் கலகெதரையில் ஒரு முஸ்லிம் பாடசாலைக்கு இரசாயனவியல் படிப்பிக்க வந்தவன். ஒரு வருஷத்தில் மாற்றம் எடுத்துக்கொண்டு போவேன் என்று வந்தான். போகவேயில்லை.

வடித்த நீரைக் கழிவறையில் ஊற்றினாலும் வெறும் பை மிஞ்சும். தடித்த, கண்ணாடி போன்ற பை, அதிலிருந்து நீளும் குழாய். ஒரு நாள் குப்பையே ஒரு கூடை வரும். குப்பை அள்ள வரும் பிரதேச சபை உழவு இயந்திரக்காரர் அதைக் கண்டாலே கையை விரித்துவிட்டுப் போய்விடுவார்கள். எரிக்கலாம் என்றால் தம்பி விடமாட்டான். "உதை எரிச்சா வாற புகை நஞ்சு அக்கா. கிடக்கட்டும்." அதனால் பின்பக்கக் கொட்டிலில் பைகள் குவிந்தன. நான் கழுவிக் காயவைத்து அடுக்குவேன். மச்சாளுக்கு அந்தக் குவியல் பெரிய வெட்கம். யாரும் வந்தால் கொட்டில் கதவைச் சாத்தச் சொல்லுவாள்.

ஒருநாள் கொட்டில் வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நான் போனாலும் உது போகாது மச்சாள். ஒரு மனுசி உயிரோட இருக்க இவ்வளவு குப்பையோ?"

"உம்மட குப்பையை நான் என்ர தலையிலயா வைச்சிருக்கிறன்? போய்ப் படும்" என்றேன். அவள் சிரித்தாள். ஆனால் நெஞ்சில் பட்டுத்தான் சொன்னாள் என்று எனக்குத் தெரியும்.

பிறகு நாட்டில் பெற்றோல் இல்லாமல் போனது. அந்தக் காலத்தைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். எங்களுக்கு நடந்ததை மட்டும் சொல்லுகிறேன். மச்சாளின் மருந்துநீர்ப் பெட்டிகளைக் கண்டியிலிருந்து கொண்டுவருவது எதிர்வீட்டு முஸ்லிம் அண்ணர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், அவருடைய ஓட்டோ. அவரும் நாங்களும் பழகியது ஒரு குடும்பம்போல. பெருநாளுக்கு அவர்கள் வீட்டு வட்டிலப்பம் முதலில் வருவது எங்கள் வீட்டுக்குத்தான். அந்த ஓட்டோ பெற்றோல் இல்லாமல் முற்றத்தில் நின்றது. பெட்டிகள் பாரமானவை. பஸ்ஸும் ஒழுங்கில்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. பை கலங்கினால்? அன்றைக்கே போக வேண்டுமே. எதில் போவது? அந்தக் கேள்வியோடுதான் நாங்கள் மூவரும் எழும்பினோம், படுத்தோம்.

தம்பிதான் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னான். "நாங்கள் தடைக்காலத்தில மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓடின ஆக்கள். இதுக்குப் பயப்பிடுறதே?"

"மண்ணெண்ணெய் எங்க கிடக்கு? உன்ர பெட்டிக்குள்ளயோ?" என்று கேட்டேன்.

"பிளாஸ்ரிக் கிடக்குத்தானே அக்கா. அதுவும் எண்ணெயிலயிருந்து வந்த சாமான்தான். வந்த வழியால திருப்பி அனுப்புறதுதான் வேலை."

"திருப்பி அனுப்ப அதென்ன வெளிநாட்டுப் பார்சலோ?"

யாழ்ப்பாணத்து ஆண்களில் அந்த வயதுக்காரர் எல்லாருக்கும் இந்தச் சீக்கு இருக்கிறது. எதைத் தடுத்தாலும் வேறொன்றில் ஓட்டிக் காட்டுவோம் என்ற திமிர். யுத்தத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலைத் தடுத்த அந்த வருஷங்களில் அந்தத் திமிர்தான் அவர்களை உயிரோடு வைத்திருந்தது. அதனால் நான் அதிகம் வாய் காட்டவில்லை.

கராஜ் ஒன்றிலிருந்து ஒரு பழைய எண்ணெய் பீப்பா வந்தது. இரும்பு மூடி வைத்து ஆணி முடுக்கி, விளிம்பைக் களிமண்ணால் பூசினான். மூடியிலிருந்து ஒரு குழாய். அதன் முனையில் பழுதான பிரிட்ஜிலிருந்து கழற்றிய செப்புச் சுருள், தண்ணீர்த் தொட்டிக்குள். அடியில் விறகு. மச்சாள் கதிரையைப் பின்வாசலில் போட்டு இருந்துகொண்டு கேட்டாள்: "இஞ்சருங்கோ, எரிச்சா நஞ்செண்டு சொன்னனீங்கள். இப்ப நீங்களே எரிக்கிறியளே."

"எரிக்கேல்லையப்பா. உள்ளுக்குக் காத்துப் போகாது. காத்தில்லாமல் அவிக்கிறம். புட்டு அவிக்கிறேல்லையே, அதுமாதிரி. பிளாஸ்ரிக் எண்டது நீளச் சங்கிலி. சூட்டில அது அறுந்து சின்னச் சின்னத் துண்டாகி ஆவியா வரும். ஆவி குளிர்ந்தா எண்ணெய். எரிக்கிறது வேற, அவிக்கிறது வேற."

அவள் தலையை ஆட்டினாள். அவன் சொல்வதை அவள் எப்போதும் ஒரு சொல் விடாமல் கேட்பாள். நான் ஒரு காதால் கேட்டு மற்றக் காதால் விட்டுவிடுவேன்.

ஊரில் கதை பரவ அதிக நேரம் எடுக்கவில்லை. மாஸ்டர் பின்வளவில் கசிப்பு, அதுதான் கள்ளச் சாராயம், காய்ச்சுகிறார் என்றார்கள். பீப்பா, சுருள், தண்ணீர்த் தொட்டி, பார்த்தவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? பொலிஸ்காரர் ஒருவரும் வந்தார். போத்தலைத் திறந்து மூக்கருகில் கொண்டுபோனவர் இருமிக்கொண்டே படியிறங்கிப் போனார். மச்சாள் அன்று சிரித்த சிரிப்பில் வயிற்றுக் குழாயைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

முதல் எண்ணெய் பின்னேரம் தேன் நிறத்தில் ஓடியது. காலையில் பார்த்தால் நெய்போல உறைந்து கிடந்தது. தம்பி அதைத் திரும்பவும் பீப்பாவுக்குள் போட்டு அவித்தான். யோகட் கோப்பைகளைக் கூடப் போட்டால் மெல்லிய எண்ணெய் வரும் என்று கண்டுபிடித்தான். எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று எங்களுக்கு ஒரு பாடமே நடத்தினான். சொப்பிங் பை நல்லது, சோறு கட்டுகிற பொலித்தீன் தாள் நல்லது, ஷம்பூப் போத்தல் நல்லது. தண்ணீர்ப் போத்தல் கூடாது. தண்ணிக் குழாய், மழைக்கோட்டு, வயர் உறை, கடைப் பதாகை கிட்டவும் வரக்கூடாது. "அதுகளுக்குள்ள குளோரின் இருக்கு. சூட்டில அசிட்டா வந்து கண்டதையெல்லாம் தின்னும்." அடையாளம் தெரியாததுக்கு ஒரு சோதனை. துண்டாக வெட்டித் தண்ணீருக்குள் போட வேண்டும். மிதந்தால் நல்லது, அடியில் தாண்டால் கூடாது. யோகட் கோப்பை மட்டும் தாண்டாலும் பரவாயில்லை.

அந்தச் சோதனையை மச்சாள் தனக்கு வேண்டும் என்று கேட்டாள். கிருமிக்குப் பயந்து நாங்கள் அவளை ஒரு வேலைக்கும் விடுவதில்லை. நான் கழுவி, வெட்டித் தருவேன். அவள் வாய்மூடி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு, பெரிய பேசினுக்குப் பக்கத்தில் இருந்து, ஒரு நீளக் குச்சியால் தள்ளித் தள்ளிப் பார்ப்பாள். பரீட்சை மண்டபத்து ஆசிரியை மாதிரி. "பாஸ்… பாஸ்… இது பெயில் மச்சாள். இதுவும் பெயில். இது ஆற்ற வீட்டுப் பிள்ளை, இப்பிடித் தாளுது?" நோய் வந்தபிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு களையை நான் கண்டதில்லை. ஒரு மனுசருக்கு வேலை என்று ஒன்று இருப்பது எவ்வளவு பெரிய மருந்து என்று அப்போதுதான் விளங்கியது.

நானா தன் ஓட்டோவைத் தந்தார். தம்பி தடைக்காலத்து வித்தையைக் காட்டினான். ஒரு மருந்துப் போத்தலுக்குள் மிஞ்சிய பெற்றோல் கொஞ்சம், அதிலிருந்து ஒரு சேலைன் குழாய். முதலில் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இயந்திரத்தை எழுப்பி, சூடானதும் பிளாஸ்டிக் எண்ணெய்க்கு மாற்ற வேண்டும். ஓட்டோ இருமியது, தும்மியது, கறுப்பாய்ப் புகைத்தது, பிறகு நின்று பிடித்து ஓடியது. நானா ஒழுங்கையின் முனைமட்டும் போய்த் திரும்பி வந்து, "சேர், மணம்தான் தாங்கேலா. ஆனா இழுக்குது, நல்லா இழுக்குது" என்றார். அந்த எண்ணெயில் அவர் கண்டிக்குப் போய்ப் பெட்டிகளைக் கொண்டுவந்தார். மச்சாள் படியில் நின்று அந்தப் பெட்டிகளைத் தடவிப் பார்த்தாள்.

தம்பி அடுத்துச் செய்ய நினைத்தது ஒன்றே ஒன்று. கலங்குகிற நாளுக்கென்று ஒரு கான் நிறைய எண்ணெய். அதை வேறெதற்கும் தொடக்கூடாது. அது இருந்தால் நாங்கள் நிம்மதியாகப் படுக்கலாம். ஆனால் அதற்குள் கடைகளில் சாமான் இல்லை. பால்மா இல்லை, யோகட் இல்லை, சொப்பிங் பைகூடக் கேட்டால் கடைக்காரர் முறைக்கிறார். பிளாஸ்டிக்குக்கும் பஞ்சம் வந்துவிட்டது. பிளாஸ்டிக் சேர்க்கிற மூட்டை பாதிகூட நிரம்பவில்லை. தம்பி முகம் தொங்கிப்போய்த் திரிந்தான். நான் சமையல் காஸ் வரிசையில் ஒரு பகல் முழுக்கக் கால் கடுக்க நின்று வெறுங்கையோடு வந்த அன்று பார்த்தால், மூட்டை நிறைந்திருந்தது.

"இவ்வளவும் எங்கால வந்தது?" என்று தம்பி கேட்டான்.

"முன்வீட்டில இருந்து தந்தவை" என்றாள் மச்சாள். முகத்தில் சிரிப்பு. முன்வீடு என்றால் நானா வீடு. தம்பிக்குக் கால் நிலத்தில் படவில்லை. அப்படியே அள்ளிப் பீப்பாவுக்குள் போட்டான்.

அன்று அவிக்கும்போது எனக்குக் கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. விறகு ஈரம் என்றான். மூடி ஒழுகுகிறது என்று இன்னும் களிமண் அப்பினான். எண்ணெய் வழக்கத்தைவிடக் கறுப்பாக வந்தது. பழைய பிளாஸ்டிக் போலிருக்கிறது என்றான். கான் நிறைந்ததில் எல்லாருக்கும் சந்தோஷம், நிறம் யாருக்கு வேண்டும்? கலங்கின அன்று ஊற்றிக்கொண்டு நிற்க நேரமிருக்காது என்று கானை நேரே நானாவின் ஓட்டோ டாங்கிக்குள் ஊற்றிவிட்டான். ஓட்டோ தயாராக நின்றது. மழை பெய்தது. பை ஒவ்வொன்றும் தெளிவாக வந்தது. நாங்கள் மரண அறிவித்தல்களை வாசித்துக்கொண்டிருந்தோம்.

ஒரு காலை, தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தேன். அறைக்குள்ளிருந்து மச்சாள் சத்தம் போடாமல் கூப்பிட்டாள். "மச்சாள், ஒருக்கா வாங்கோ. எழுத்துத் தெரியேல்லை."

போய்ப் பார்த்தேன். பை அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில் கிடந்தது. தலைப்பெழுத்துக்கூடத் தெரியவில்லை. "வயிறு நோகுதே?" என்று கேட்டேன். "கொஞ்சம்" என்றாள். அவள் கொஞ்சம் என்றால் தாங்க முடியாத நோ என்று அர்த்தம்.

நானா பனியனோடு ஓடிவந்தார். தம்பி பெற்றோல் போத்தலைப் பிடித்துக்கொண்டு முன்னால் இருந்தான், நானும் மச்சாளும் பின்னால். ஓட்டோ முதல் உதையிலேயே எழும்பியது. கலகெதரையிலிருந்து கண்டிப் பக்கம் ஏற்றம். வீதியில் வாகனமே இல்லை. மச்சாள் என் தோளில் சாய்ந்துகொண்டு, இரைச்சலுக்குள் என் காதோடு சொன்னாள்.

"மச்சாள், உங்களுக்கு மட்டும் சொல்லுறன். இது என்ர பையில ஓடுது."

எனக்கு விளங்கவில்லை. "என்ன பை?"

"கொட்டிலுக்க கிடந்த பையள். கொஞ்சத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தன். எல்லாம் மிதந்தது. எல்லாம் பாஸ். பிறகு சின்னச் சின்னனா வெட்டி மூட்டையின்ர அடியில போட்டிட்டன். எரிக்கிறதுதானே கூடாது, அவிக்கலாம்தானே." அந்த நோவுக்குள்ளும் அவள் சிரித்தாள். "இவரிட்டச் சொல்லிப்போடாதேங்கோ. வீட்ட வந்து நானே சொல்லுறன். முகத்தைப் பாக்க வேணும் எனக்கு."

நல்ல வேலை செய்தீர் என்று அவள் கையைப் பிடித்தேன். உண்மையில் அப்படித்தான் நினைத்தேன். எனக்கு என்ன இரசாயனவியலா தெரியும்? இவ்வளவு காலமும் வெட்கப்பட்ட குப்பையை அவளே எண்ணெயாக்கி, அதிலேயே ஏறிப் போகிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

கண்டிக்கு முன்னால் வருகிற கட்டுகஸ்தோட்டைக்கு இன்னும் கனதூரம் இருக்க, ஏற்றத்தில் ஒரு வளைவில் ஓட்டோ தும்மியது. தம்பி பெற்றோல் விட்டான். எழும்பியது. பத்து யார் தூரம்கூடப் போகவில்லை, திரும்ப நின்றது. போத்தலில் இருந்த கடைசிச் சொட்டும் முடிந்தது. நானா குனிந்து எதையோ கழற்றி ஊதினார், தட்டினார், திரும்பவும் ஊதினார். அம்புலன்சுக்குப் போன் எடுத்தோம். வரும் என்றார்கள். வரவில்லை. ஏற்றத்தில் தள்ளிப் பார்த்தோம். நானா ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம், நான் பின்னால். எங்களால் ஒரு வளைவைத் தாண்ட முடியவில்லை. வெயில் ஏறியது. மச்சாள் ஓட்டோ கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, "பெற்றோல் கொஞ்சம் போதாமப் போச்சு, பரவாயில்லை" என்று எங்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். மத்தியானம் தாண்டி ஒரு மரக்கறி லொறி வந்தது. லீக்ஸ் மூட்டைகளுக்கு நடுவில் அவளைப் படுக்கவைத்துக் கொண்டுபோனோம்.

ஆஸ்பத்திரியில் அந்த மலையகத்துப் பிள்ளைதான் நின்றாள். பையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் ஓடினாள். முடிந்ததெல்லாம் செய்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. தம்பி வெளியில் போன நேரம் பார்த்து மச்சாள் என்னிடம் கேட்டாள்: "சொல்லிப்போட்டியளோ?" "இல்லை" என்றேன். "சொல்லாதேங்கோ. வீட்ட வந்து." அதற்குப்பிறகு அவள் தெளிவாக ஒன்றும் பேசவில்லை. சில நாளில் போய்விட்டாள்.

வேளைக்கு வந்திருந்தால் தப்பியிருப்பாளா என்று எனக்குத் தெரியாது. வைத்தியரிடம் தம்பி கேட்டான். அவர் அவன் தோளில் கைவைத்தாரே தவிர வாய் திறக்கவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் இரண்டு பேரும் இன்றுவரை ஒருவரையொருவர் கேட்டதில்லை.

சாவீட்டுக்கு நானாவும் பள்ளிவாசல் ஆட்களும்தான் கதிரை கொண்டுவந்து போட்டார்கள், பந்தல் கட்டினார்கள். பத்திரிகையில் அறிவித்தல் போட்டோம். அந்தப் பக்கத்தை நான் வாசிக்கவில்லை.

எல்லாம் முடிந்து ஆட்கள் போனபிறகு, நானா ஓட்டோவின் காபரேற்றரைக் கழற்றி ஒரு துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். "சேர், இதைக் கொஞ்சம் பாருங்க. உள்ளுக்கு எல்லாம் பூத்து ஈக்கி." தம்பி துணியை விரித்தான். உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்குக் கட்டி, எண்ணெய் வருகிற சின்னத் துளை அடைத்துப் போயிருந்தது. தம்பி பின்வளவுக்குப் போய்ச் செப்புச் சுருளை வெட்டிப் பார்த்தான். அதற்குள்ளும் பச்சை. அவன் திரும்பி வந்தபோது முகம் வேறு ஆளின் முகமாக இருந்தது.

"குளோரின். ஆரோ பைப் துண்டு போட்டிருக்கினம்." நானாவைப் பார்த்தான். "கடைசி மூட்டை உங்கட வீட்டிலயிருந்து வந்தது."

நானா திகைத்துப்போனார். "இல்ல சேர். அந்தக் கிழமை எங்கட வீட்டால ஒண்டும் தரல்லயே."

"அவ என்னட்டச் சொன்னவ. தன்ர வாயால சொன்னவ."

நானா மெதுவாகச் சொன்னார்: "அப்ப சரி சேர். மௌத்தான மனுசிட பேச்சை நான் பொய்யெண்டு சொல்ல மாட்டேன்." காபரேற்றரை எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

நான் குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஓட்டோ அவளுடைய பையில் ஓடவில்லை. அவளுடைய பையால்தான் நின்றது.

சொல்வதா, விடுவதா? சொல்லாதேங்கோ என்று அவள் இரண்டு தரம் கேட்டிருந்தாள். சொன்னால் தம்பி என்ன ஆவான்? சொல்லாவிட்டால் நானாவின் வீட்டுக் கதவு எங்களுக்குச் சாத்தியே கிடக்கும். அந்தப் பெருநாளுக்கு வட்டிலப்பம் வரவில்லை. நானாவின் மனைவி என்னை வீதியில் கண்டால் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதபடி போனாள். தம்பியோ ஊரில் யார் யார் என்ன பிளாஸ்டிக் தந்தார்கள் என்று வீடு வீடாகப் போய்த் துண்டு கேட்டு வாங்கி வந்தான். செப்புக் கம்பியைச் சூடாக்கி, பிளாஸ்டிக்கில் தொட்டு, நெருப்பில் பிடிப்பான். குளோரின் இருந்தால் நெருப்புப் பச்சையாக எரியுமாம். பின்வாசலில், அவளுடைய கதிரையில் இருந்துகொண்டு, ஒவ்வொன்றாக. எல்லாம் மஞ்சளாகவே எரிந்தன. அவன் சாப்பிடவில்லை, சவரம் செய்யவில்லை, பாடசாலைக்குப் போகவில்லை. எனக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. அழுதுவிட்டுப் போயேன்டா, கம்பியைக் கொண்டு யாரைத் தேடுகிறாய் என்று கத்த வேண்டும்போல இருந்தது.

ஒரு பின்னேரம் பொறுக்க முடியாமல் கொட்டிலுக்குப் போனேன். அந்தப் பெரிய குவியலில் இருந்தது கொஞ்சம்தான். ஒரு பையை எடுத்துக்கொண்டு வந்து அவன் மடியில் போட்டேன்.

"இதைப் பிடிச்சுப் பார்."

"இதேன்? இது பீவீசி. இதைச் சோதிக்கத் தேவையில்லை, இதில குளோரின் இருக்குமெண்டு எனக்குத் தெரியும். இதை ஆர் போடப்போகினம்?" என்றவன் நிறுத்திவிட்டான். என் முகத்தைப் பார்த்தான். பிறகு கம்பியைச் சூடாக்கி, பையில் தொட்டு, நெருப்பில் பிடித்தான். பச்சை. வடிவான, பளிச்சென்ற பச்சை.

"அவதான் போட்டவவோ? ஏன் என்னட்டச் சொல்லாமல் உங்களிட்ட…"

"என்னட்ட ஓட்டோவுக்குள்ளதான் சொன்னவ. உன்னட்ட வீட்ட வந்து தானே சொல்லவேணும் எண்டவ. உன்ர முகத்தைப் பாக்கவேணுமாம்."

அவன் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தண்ணிக்குள்ள போட்டுப் பாத்திருப்பாவே? நான் அவ்வளவு படிப்பிச்சனே. உது தாளுமே."

"மிதந்ததெண்டவ."

"மிதக்காது அக்கா."

பேசின் இன்னும் அங்கேதான் கிடந்தது, மழைத்தண்ணீர் நிறைந்து. பையின் குழாய் முனையில் ஒரு சின்னக் கவ்வி பூட்டியபடியே இருந்தது. கழுவிக் காயவைத்தாலும் முனையைப் பூட்டிவிடுவது, பழக்கப்பட்ட கை. உள்ளே காற்று அடைபட்டிருந்தது. நான் பையைத் தண்ணீருக்குள் போட்டேன். உப்பிக்கொண்டு மிதந்தது. மச்சாளின் குச்சியால் அமுக்கினேன். திரும்பவும் மேலே வந்தது.

"மற்றதெல்லாம் நான் வெட்டிக் குடுப்பன்" என்றேன். "இதை அவ முழுசாப் போட்டிருக்கிறா."

தம்பி பேசினுக்குப் பக்கத்தில் குந்தினான். "அவவுக்குத் தெரியுமே? ஓட்டோ ஏன் நிண்டதெண்டு?"

"இல்லை. பெற்றோல் போதாதெண்டுதான் கடைசிமட்டும் நினைச்சவ. தன்ர பையிலதான் அவ்வளவு தூரமும் வந்ததெண்டு சந்தோசப்பட்டவ."

அப்போதுதான் அவன் அழுதான். சத்தம் போட்டு, சின்ன வயதில் அம்மா அடித்தால் அழுவதுபோல. நான் தடுக்கவில்லை. அழுது முடிந்ததும் முகத்தைக் கழுவி, சேட்டைப் போட்டுக்கொண்டு முன்வீட்டுக்குப் போனான். படலை திறக்கிற சத்தம் கேட்டது. நானா வாசலுக்கு வந்து, "வாங்க சேர், உள்ளுக்கு வாங்க" என்பதும் கேட்டது.

நான் கத்தரிக்கோலை எடுத்து வந்தேன். பையைத் தண்ணீரிலிருந்து தூக்கி, காற்றுப் போக வெட்டினேன். நாலு துண்டாக்கித் திரும்பவும் பேசினுக்குள் போட்டேன். நாலும் ஒன்றன்பின் ஒன்றாக அடிக்குப் போயின. அவள் கதிரை வெறுமையாக இருந்தது. பெயில் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.